வெள்ளக் குளத்தில் தெப்பம்

எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பிளாக்மூர் ஹைட்ஸ் என்று பெயர். ஹைட்ஸ் என்றால் உயரமான இடமாம். ஈப்போ சுற்றுவட்டாரத்தில் இதைவிடப் பள்ளமான இடம் இருந்தால் எனக்குக் காட்டுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

முன்பு இது பிளாக்மூர் தோட்டம். கித்தா மரம், அதான் ரப்பர் மரம், நின்றவரைக்கும் எவ்வளவு மழை கொட்டினாலும் மண் குடித்துக்கொள்ளும். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். மரத்தைச் சாய்த்து, மேட்டில் மாடி வீடு, கடை வரிசை, கார் நிறுத்தும் இடம் என்று கட்டி, மண் தெரிந்த இடத்தையெல்லாம் சிமெண்டு போட்டு மூடினார்கள். தோட்டத்து ஆட்களான எங்களுக்குக் கடைசி வரிசையில், பள்ளத்தில், மாடி இல்லாத வீடுகளைக் கொடுத்தார்கள். மேட்டில் பெய்த மழைக்குப் போக்கிடம் இல்லை. அது நேராக எங்களைத் தேடி வந்தது.

அதனால் ஒரு குளம் வெட்டினார்கள். நல்ல காரியம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். மழை பெய்தால் தண்ணீர் குளத்தில் இறங்கும். அடியில் இருக்கும் குழாய் வழியாக மெதுவாக ஆற்றுக்குப் போகும். மறுநாள் குளம் காலி. அடுத்த மழைக்கு இடம் இருக்கும்.

என் பெண்டாட்டி காளியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். தண்ணீர் வந்தால் அவளால் ஓட முடியாது, அவளைத் தூக்கிக்கொண்டு ஓட என்னாலும் முடியாது. அந்தக் குளம் காலியாகக் கிடக்கிறதா என்று தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நான் டீ குடிப்பேன்.

ஒருநாள் அப்படிப் போனபோது குளக்கரையில் ஓர் அதிகாரி நின்றார். நகர மன்றத்து வடிகால் பிரிவு, பெயர் விக்னேஸ்வரன். தலையில் வெள்ளைப் பாதுகாப்புத் தொப்பி போட்டிருந்தார். அங்கே தலைக்கு மேல் வானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"அண்ணே, இந்தக் குளத்துல ஏன் தண்ணி இல்ல?" என்றார்.

"மழ இல்ல சார்."

"மழ இல்லேன்னா?"

"குளத்துல தண்ணி இருக்காது."

அதை எழுதிக்கொண்டார். "எத்தன நாளா இப்படி?"

"மழ விட்டதுலேர்ந்து."

அவர் பெருமூச்சு விட்டார். மேலிடத்திலிருந்து தணிக்கை வந்ததாம். மன்றத்துச் சொத்து ஒவ்வொன்றுக்கும் பயன்பாடு எவ்வளவு என்று கேட்கிறார்களாம்.

"மண்டபம்னா எத்தன கல்யாணம், திடல்னா எத்தன ஆட்டம். இந்தக் குளத்துக்கு நா என்ன எழுதுறது சொல்லுங்க? வெள்ளம் வந்தாத்தான் பயன்பாடு. போன வருசம் பூரா வெள்ளமே வரல. பூஜ்யம்னு சிவப்புல போட்டுட்டாங்க."

"வெள்ளம் வரலேன்னா குளம் ஒழுங்கா வேல செஞ்சிருக்குன்னுதானே சார் அர்த்தம்?"

"அப்படி எழுதக் கட்டம் இல்லண்ணே" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். பயன்படாத சொத்து என்று இன்னொரு தடவை வந்தால் அவருடைய பதவி உயர்வும் சிவப்பில் போய்விடுமாம்.

அந்த வருத்தத்தைத் தீர்த்து வைத்தவர் மகேந்திரன். எங்கள் வட்டாரக் கவுன்சிலர் அவர்தான். எங்கள் மாரியம்மன் கோயில் தலைவரும் அவர்தான். தோட்டத்துக் கோயிலைப் பெயர்த்துக் குளக்கரையில் வைத்தது அவருடைய சாதனை. தாமான் மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

"தமிழன் எங்க போனாலும் கோயில் கட்டுவான். ஆனா குளம் இல்லாத கோயில் ஒரு கோயிலா? நம்ம முன்னோர்கள் கப்பல்ல வந்தப்ப அம்மனக் கொண்டு வந்தாங்க, கரகம் கொண்டு வந்தாங்க, உடுக்கை கொண்டு வந்தாங்க. குளத்தத் தூக்கிட்டு வர முடியல. இன்னிக்கி மன்றம் நமக்கு இலவசமா வெட்டிக் கொடுத்திருக்கு. நாம இத்தன வருசமா அத வெறும் தண்ணி போற பள்ளம்னு நெனச்சிட்டு இருந்தோம். எவ்ளோ பெரிய அறியாமை பாருங்க. வர்ற சித்ரா பௌர்ணமிக்கு இந்தக் குளத்துல தெப்பத் திருவிழா."

மண்டபமே கை தட்டியது. முன்வரிசையிலிருந்த விக்னேஸ்வரன் எழுந்து, "தெப்பம்னா எவ்ளோ பேர் வருவாங்க?" என்று கேட்டார்.

"அஞ்சாயிரம் பேராச்சும் வரும்லா."

விக்னேஸ்வரன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஐயாயிரம் பயன்பாடு.

நான் கை தூக்கினேன். "தெப்பத்துக்குத் தண்ணி ரொப்பி வெச்சா மழத் தண்ணி எங்க போவும்?"

"ராமையா அண்ணே எப்பவும் இப்படித்தான்" என்றார் மகேந்திரன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தேன்.

கோயில் தலைவர் மகேந்திரன், கவுன்சிலர் மகேந்திரனிடம் அனுமதி கேட்டார். கவுன்சிலர் தீர விசாரித்து அனுமதி கொடுத்தார். நன்றி சொல்லும் கூட்டத்தில், கோரிக்கையை உடனே ஏற்ற கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று கோயில் தலைவர் அறிவித்தார். யார் யாருக்குப் போர்த்துவது என்று மேடையில் சற்று நேரம் தடுமாற்றம். கடைசியில் அவரே எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

குளத்தின் அடிக்குழாய் வாயை இரும்புத் தகடு வைத்து மூடிப் பூட்டினார்கள். தகட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள்.

அந்த மாதம் பார்த்து மழை இல்லை. எங்கள் வரிசையில் குழாய்த் தண்ணீரும் இல்லை, எங்கேயோ குழாய் மாற்றுகிறார்களாம். நாங்கள் வாளியோடு நிற்கிறோம், எங்கள் வாசலைத் தாண்டி லாரி லாரியாகச் சுத்தமான தண்ணீர் குளத்துக்குப் போகிறது. காளியம்மா சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு லாரியை மறித்தாள்.

"தம்பி, ஒரு வாளி ஊத்திட்டுப் போ."

"முடியாதும்மா. இது சாமிக்கு."

"சாமி குளிக்க எத்தன லாரிடா? நா ரெண்டு நாளா ஒடம்புல தண்ணி படாம கெடக்குறேன். மோந்து பாக்குறியா?"

அவன் பயந்து ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போனான்.

குளம் நிறைந்தது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாலையில் மேட்டு வீட்டு ஆட்கள் நடக்க வந்தார்கள். மன்றத்தார் மீன் விட்டார்கள். நிறைந்த குளத்தின் முன்னால் நின்று நீர்வளப் பாதுகாப்பு விருது ஒன்று வாங்கினார்கள். "இந்த மாநிலத்துல எத்தனையோ வெள்ளத் தடுப்புக் குளங்கள் காலியாக் கெடக்கு. வருசம் பூரா நெறைஞ்சிருக்கப் போற ஒரே குளம் நம்ம குளம்" என்று மகேந்திரன் பேசியபோது வந்திருந்த பெரிய அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

நான் விக்னேஸ்வரனைத் தேடி மன்றத்துக்குப் போனேன்.

"சார், மேல மேகம் கட்டுது. தகட்டத் தெறந்து கொஞ்சம் தண்ணிய எறக்கி வைங்க. வீட்டுல காலில்லாத பொம்பள இருக்கா."

"இப்ப அது என் கையில இல்லண்ணே. தண்ணி நிரந்தரமா நின்னா அது குளம் இல்ல, ஏரி. ஏரி அழகுபடுத்தும் பிரிவுக்குப் போயிடுச்சு. காலியானா எனக்குத் திரும்பி வரும்."

"யாரு காலி பண்ணணும்?"

"தண்ணி எறக்குறது எங்க பிரிவு வேலதான்."

"அப்ப எறக்குங்க."

"எனக்குத் திரும்பி வந்ததும் எறக்கிடுறேன்" என்றார்.

அழகுபடுத்தும் பிரிவு மாடியில் இருந்தது. அங்கே ஷர்மினி என்ற பெண் அதிகாரி. சின்ன வயது, மரியாதையான பிள்ளை. நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"அங்கிள், ஏரியிலேர்ந்து தண்ணிய வெளியேத்துறது குத்தம். நீர்வளத்த நாம பாதுகாக்கணும்லா. அதோட மீனுங்க இருக்கு."

"மீனு நீந்தும்மா. என் பெண்டாட்டிக்கு நீந்தத் தெரியாது."

"கத்துக்கலாமே அங்கிள். மன்றத்துல வகுப்பு இருக்கு" என்று ஒரு தாளைக் கொடுத்தாள். கிண்டல் பண்ணவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகேந்திரனைக் கோயிலில் போய்ப் பார்த்தேன். "இது மன்றத்து விசயம்ண்ணே. கவுன்சிலர்கிட்ட பேசுங்க" என்றார். திங்கட்கிழமை கவுன்சிலர் சேவை மையத்துக்குப் போனேன். அதே மகேந்திரன், வேறு சட்டை. "கோயில் விசயத்துல மன்றம் தலையிட முடியாதுண்ணே, அப்புறம் ஜனங்க மனசு புண்படும். தலைவர்கிட்ட பேசிப் பாருங்க. நல்ல மனுசன்" என்றார்.

ஏப்ரலில் முதல் மழை பெய்தது. பெரிய மழை இல்லை, மாலையில் சற்று நேரம். குளத்தில் இடம் இல்லாததால் தண்ணீர் லோங்காங் சாக்கடையில் பின்வாங்கி எங்கள் குளியலறை ஓட்டை வழியாகக் கூடத்துக்கு வந்தது. கறுப்புத் தண்ணீர். காளியம்மா கட்டிலில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேல் வரிசை வீட்டிலிருந்து துளசி ஓடி வந்து எனக்கு இறைக்க உதவினாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், இரவு வேலைக்குத் தூங்க வேண்டிய நேரம்.

மறுநாள் விக்னேஸ்வரன் அளவுகோலோடு வந்தார். சுவரில் அழுக்குக் கோடு இருந்த இடத்தை அளந்தார்.

"கணுக்கால் வரைக்கும்தான் வந்திருக்கு. இது வெள்ளம் இல்லண்ணே, தேக்கம். முழங்கால் வரைக்கும் வந்தாத்தான் வெள்ளம்னு பதிய முடியும்."

"எந்த முழங்கால் சார்?" என்றாள் காளியம்மா. "எனக்கு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

அவர் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார். தாளில் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அது மலாயில் இருந்தது. துளசி படித்துச் சொன்னாள். புகார் கொடுத்தவர் அளவெடுக்க ஒத்துழைக்கவில்லை என்று எழுதியிருந்தாராம்.

சித்ரா பௌர்ணமி வந்தது. நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கயிற்றால் பிணைத்து மேலே பலகை அடித்துத் தெப்பம் கட்டியிருந்தார்கள். தோட்டத்துப் பையன்கள் செய்த வேலை, உறுதியான வேலை. நாலு பக்கமும் வாழை, மேலே பேட்டரியில் எரியும் வண்ண விளக்கு. பிரமுகர்கள் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போக வேண்டும் என்பதால் பிற்பகலிலேயே அம்மனை ஏற்றி வைத்துவிட்டார்கள். பிரமுகர் கண்ணுக்குச் சேறு தெரியக் கூடாது என்று முந்தின நாளும் லாரித் தண்ணீர் விட்டுக் குளத்தைக் கரை விளிம்புவரை நிறைத்திருந்தார்கள்.

நாலு மணிக்கு வானம் பிய்த்துக்கொண்டது.

நான் நனைந்துகொண்டே கரைக்கு ஓடினேன். கூடாரத்துக்குள் எல்லோரும் இருந்தார்கள்.

"தகட்டத் தெறங்க" என்றேன்.

விக்னேஸ்வரன் பட்டு வேட்டியில் இருந்தார். "நா இன்னிக்கி லீவுண்ணே. பக்தனா வந்திருக்கேன்."

ஷர்மினி, "மீனுங்க போயிடும் அங்கிள்" என்றாள், கொஞ்சம் சந்தேகத்தோடு.

மகேந்திரன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "அண்ணே, நல்ல நேரம் பாத்து நாளைக்குக் காலையில தெறக்கலாம்னு குழுவுல முடிவாயிருச்சு. இப்பத் தெறந்தா தண்ணி எறங்கும், தெப்பம் தரை தட்டும். அஞ்சாயிரம் பேருக்கு யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, மைக்கைத் திறந்து, "இந்த மழை அம்மனின் ஆசீர்வாதம்" என்றார். பிறகு பிரமுகர் பார்க்கட்டும் என்று குருக்களோடு தெப்பத்தில் ஏறினார்.

நான் வீட்டுக்குத் திரும்பும்போதே தண்ணீர் முட்டிக்கு வந்திருந்தது. விக்னேஸ்வரன் கணக்கில் இப்போது வெள்ளம். துளசி எனக்கு முன்னால் வந்து காளியம்மாவை மேசை மேல் ஏற்றியிருந்தாள். பொம்பாவுக்குப் போன் பண்ணினோம். தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் தாமான் நுழைவாயிலில் பிரமுகர் கூடாரமும் அலங்கார வளைவும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. மேசை ஆடத் தொடங்கியது.

அப்போதுதான் மேலே ஒரு சத்தம் கேட்டது, லாரி மண் கொட்டுகிற மாதிரி. குளத்தின் மூலைக் கரை உடைந்துவிட்டது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. அந்தத் தண்ணீரோடு, உடைப்பின் வழியாக, விளக்கெல்லாம் எரிந்துகொண்டு, தெப்பம் எங்கள் சந்துக்குள் வந்தது. அம்மன் இருந்தாள். குருக்கள் கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தார். மகேந்திரன் பொன்னாடையோடு மண்டியிட்டிருந்தார். எங்கள் பள்ளத்துச் சந்துக்கு இதுவரை சாமி ஊர்வலம் வந்ததே இல்லை, அகலம் போதாது என்று சொல்லிவிடுவார்கள்.

"அண்ணே, கயித்தப் பிடிங்க, கயித்தப் பிடிங்க" என்றார் மகேந்திரன்.

பிடித்து எங்கள் வாசல் தூணில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"இவள ஏத்தணும்" என்றேன்.

அவர் காளியம்மாவைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். "அண்ணே, இது சாமி தெப்பம்லா. கண்டவங்கள ஏத்த முடியாது, ஆகமம்னு ஒண்ணு இருக்கு. இன்சூரன்சும் எடுக்கல."

"சரி. கயித்த அவுத்துடுறேன்."

சந்தின் கோடியில் ஆறு. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"ஏத்துங்கோ" என்றார் குருக்கள். தலைவரைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

நானும் துளசியும் தூக்க, குருக்கள் இழுத்தார். காளியம்மா வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு அம்மன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நனைந்து, சேலையெல்லாம் சாக்கடை. அம்மனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒன்னயும் பள்ளத்துல தள்ளிட்டானுவளா?" என்றாள். "தள்ளி உக்காரு தாயி."

தண்ணீர் வடியும்வரை நானும் துளசியும் தெப்பத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மகேந்திரன் போனில் யாரிடமோ பிரமுகர் பத்திரமாகப் போய்விட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் போட்டுத் தங்க வைத்தார்கள். அரிசி, மைலோ, பிஸ்கட் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மகேந்திரன் அங்கேயும் பேசினார்.

"இந்தப் பேரிடர்ல நம்ம தெப்பம் ஒரு தாயோட உயிரக் காப்பாத்தியிருக்கு. குளம் இல்லேன்னா தெப்பம் ஏது? தெப்பம் இல்லேன்னா அந்தத் தாய் ஏது? குளத்துக்குத் தண்ணி எதுக்குன்னு கேட்டாங்களே, அவங்க இப்பவாச்சும் புரிஞ்சுக்கணும்."

கை தட்டினார்கள். பாதிப் பேர் வெள்ளத்தில் சட்டி பானை இழந்தவர்கள். விக்னேஸ்வரன் என்னிடம் வந்து மெல்லிய குரலில், இந்த வருடம் பயன்பாடு இரண்டு வகையில் பதிவாகிறது, திருவிழா ஒன்று, மீட்புப் பணி ஒன்று என்று சொன்னார். பச்சையில் வந்துவிட்டதாம். பதவி உயர்வும் கிடைத்தது.

கரையைக் கட்டினார்கள். தகட்டைக் கழற்றவில்லை. பிறகு அளவைக்காரர்கள் வந்து எங்கள் சுவரில் வெள்ளக் கோட்டுக்குச் சிவப்புச் சாயம் அடித்தார்கள். அடுத்த வாரம் விக்னேஸ்வரன் வந்தார். உயர்ந்த பதவிக்குத் தகுந்த மாதிரி அவர் கூட இன்னொருவர் குடை பிடித்து வந்தார்.

"அண்ணே, உங்க வீடு ஏரிக்குள்ள இருக்கு."

"எப்பலேர்ந்து சார்?"

"அன்னிக்கிலேர்ந்து. ஏரித் தண்ணி எதுவரைக்கும் போச்சோ அதுவரைக்கும் ஏரி. நீங்க நீர்வளப் பகுதிய ஆக்கிரமிச்சிருக்கீங்க."

காளியம்மா உள்ளேயிருந்து, "நாங்க ஆக்கிரமிக்கல சார், அது எங்க வீட்டுக்குள்ள வந்தப்ப நாங்க இங்கதான் இருந்தோம்" என்றாள்.

"புரியுதும்மா. அதனாலதான் அபராதம் போடல."

மாற்று வீடு கொடுத்தார்கள். அடுக்குமாடி. அங்கேதான் நாங்கள் இப்போது இருக்கிறோம், உச்சி மாடியில். போன அன்றே மின்தூக்கி பழுது.

"கீழ்மாடி குடுங்க சார், அவளால ஏற முடியாது" என்றேன்.

"வெள்ளத்துல பாதிக்கப்பட்டவங்களுக்குக் கீழ்மாடி கொடுக்கக் கூடாதுன்னு விதிண்ணே. உங்க பாதுகாப்புக்குத்தான்."

தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "பல்லக்கு எங்கடா நிக்குது, தூக்குங்க" என்று காளியம்மாதான் அவர்களைச் சிரிக்க வைத்தாள். அன்று ஏறியவள் இன்னும் கீழே இறங்கவில்லை. மின்தூக்கி எந்தப் பிரிவு என்று மன்றத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போய் மாத்திரை வாங்கி வருகிறேன். காலைக் காட்டாமல் எப்படி மாத்திரை கொடுப்பது என்று டாக்டர் திட்டுகிறார்.

எங்கள் வரிசை இருந்த இடத்தில் இப்போது மிதிபடகு விடுகிறார்கள். துளசி வீடுதான் கடைசி வரிசை. ஏரிக்கரை வீடு என்று அவளுக்கு வீட்டுவரியைக் கூட்டியிருக்கிறார்கள். இப்போது அவளுக்கு ஒரு கைப்பிள்ளை. வானம் இருட்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இத்தனை படியும் ஏறி எங்களிடம் வந்துவிடுகிறாள்.

மழைக் காலம் முடிகிறவரை காளியம்மா கதவைச் சாத்த விடுவதில்லை.